இரண்டாவது பொட்டலம்

அத்தியாயம் பதினொன்று

கருப்பசாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று கோச்சடை வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். முனீஸ்வரி மட்டும் அந்த உத்தரவுக்குள் எப்படி மூச்சு விடுவது என்று தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தாள்.

போன வெள்ளிக்கிழமை குடும்பமே செக்கானூரணியைத் தாண்டிக் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தது. வில்லாபுரத்தில் புதிதாக ஒரு பந்தல், பாத்திர வாடகைக் கடை போடலாமா? அதை முனீஸ்வரி பெயரில் போடலாமா? ஒரு பொட்டலத்தில் வெள்ளைச் சம்பங்கி, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் போடலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரியின் பேத்தி எடுத்துக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே சம்பங்கி இருந்தது.

அப்பா முத்திருளன் அங்கேயே மண்ணில் விழுந்து கும்பிட்டார். அவருக்கு அதற்குமேல் பேச்சில்லை.

கடை மகள் பெயரில் இருக்கும், நடத்தப்போவது மகன் அழகுராஜா. பெண்கள் பெயரில் கேட்டால் அரசுக் கடனில் சலுகை உண்டு. அதிலும் முனீஸ்வரி, நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவும் சிறுதொழில் மேலாண்மையும் படிக்கிற பெண். கடைசிப் பருவம். இவளைவிடப் பொருத்தமாக யார் பெயர் கிடைக்கும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அது அவள் பெயர்தானே என்று மட்டும் யாரும் அவளைக் கேட்கவில்லை.

இன்று பிற்பகல் அந்தக் கடனுக்கான நேர்காணல்.

அம்மா அழகம்மாள் பால் வாங்கப் போயிருந்தாள். முனீஸ்வரி சாப்பாட்டு டப்பாவை வைக்க ஒயர்கூடையை எடுத்தாள். கோயிலுக்குக் கொண்டுபோன கூடை. அடியில் தேங்காய் நாரும் சூடத்தாளும் கிடந்தன. அவற்றைத் தட்டிக் கொட்டப் போனவள் கையில் ஏதோ பட்டது.

வாழையிலைப் பொட்டலம். இலை காய்ந்து பழுப்பேறியிருந்தது. நூல் கட்டு அவிழ்க்கப்படாமல் இருந்தது.

குழந்தை எடுக்காமல் விட்ட பொட்டலம் அது என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அதைக் கோயில் வேம்படியில் போட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். அம்மா ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்?

நூலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

உள்ளே அரளி இல்லை. வாடிச் சுருண்டு மஞ்சளாகியிருந்தாலும் அந்த நீண்ட காம்பு சம்பங்கிக்குத்தான் உண்டு.

இரண்டிலும் வெள்ளைதான். பொட்டலங்களைக் கட்டியது அம்மா.

வாசலில் அண்ணனின் பைக் ஹாரன் கேட்டது.

"தொழிலதிபர் அம்மா, கிளம்பலாமா? டிரைவர் ரொம்ப நேரமா வெயில்ல நிக்கிறான்."

முனீஸ்வரி பொட்டலத்தைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். சாப்பாட்டு டப்பா அடுப்படி மேடையிலேயே இருந்துவிட்டது.

*

முடக்குச்சாலை சிக்னலில் பைக் நின்றது. அழகுராஜா கண்ணாடியில் தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"என்ன முனீஸு, பேயறைஞ்ச மாதிரி இருக்க? அவங்க என்ன கேட்டாலும் பயப்படாத. கடையை யார் நடத்துவான்னு கேட்டா நான்தான்னு சொல்லு. அம்புட்டுத்தான். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"அண்ணே, அன்னைக்குச் சிவப்பு வந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"விட்டிருப்பேன்."

"மதினி?"

அவன் மனைவி மீனா மாசமாக இருக்கிறாள். கோச்சடையில் அப்பாவின் பாத்திர வாடகைக் கடையில் அவரும் மகனும் நாள் தவறாமல் மோதிக்கொள்வதைப் பார்த்துச் சலித்து, வில்லாபுரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பக்கமே தனியாக ஒரு தொழில் அமைந்தால் குடித்தனம் வைக்கலாம், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"அவ கால்ல விழுந்து கெஞ்சியிருப்பேன். சாமி வேணாம்னு சொன்னா வேணாம்தான். அதுல என்ன குறுக்கு வழி இருக்கு?"

அண்ணனுக்குத் தெரியாது. அந்தக் குரலிலேயே அது தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்திருந்தால் அவன்மேல் கோபப்பட்டிருக்கலாம். அதற்கும் இடமில்லாமல் போயிற்று.

மேல்படிப்பு வேண்டாம், கல்யாணம் பண்ணிவிடலாம் என்று அப்பா நின்றபோது, "அவ படிக்கட்டும்ப்பா, நான்தான் படிக்கல" என்று குறுக்கே நின்றவன் அவன்தான். இரண்டு வருடமாக, பஸ் நெரிசல் வேண்டாம் என்று அவனே கொண்டுவந்து விட்டுக் கொண்டிருக்கிறான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் எப்படி 'மாட்டேன்' என்று சொல்வாள்?

சிக்னல் விழுந்தது.

*

வகுப்பில் பேராசிரியை தமிழ்வாணி அன்று முனீஸ்வரியின் ஆய்வைத்தான் எடுத்துக்கொண்டார்.

"இவங்க வில்லாபுரம், அவனியாபுரம் ரெண்டு பக்கமும் மண்டபம் மண்டபமா ஏறி இறங்கியிருக்காங்க. மேனேஜர், சமையல் மாஸ்டர், வாட்ச்மேன், யாரையும் விடல. அங்க மண்டபக்காரங்களே பாத்திரம், மேசை, நாற்காலி எல்லாத்தையும் சேர்த்துக் கொடுத்துடறாங்க. வீட்டு விசேஷம்கூட மண்டபத்துக்குப் போயிடுது. அதனால புதுசா ஒரு வாடகைக் கடை அங்க நிக்காது. சொந்தக் குடும்பத் தொழிலைப் பத்தி இம்புட்டு நேர்மையா எழுதறதுக்குத் தைரியம் வேணும்."

வகுப்பு கைதட்டியது. முனீஸ்வரிக்குக் காது சூடானது.

மணி அடித்த பிறகு பேராசிரியை அவளை நிறுத்தினார். "இன்னைக்கு நேர்காணல் இல்ல? துறையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நம்ம மாணவி படிக்கும்போதே தொழில் தொடங்குறான்னு. கடைய எங்க போடுறீங்க?"

"வில்லாபுரம், மேடம்."

தமிழ்வாணி கையிலிருந்த டஸ்டரை மேசையில் வைத்தார்.

"நிக்காதுன்னு நீயே எழுதியிருக்க."

"வீட்டுல முடிவு பண்ணிட்டாங்க."

"நீ எடுத்துச் சொல்லலையா?"

"சொன்னேன் மேடம். அதுக்கப்புறம்தான் பூக்கட்டிப் பார்த்தாங்க. சாமி சரின்னு சொல்லிருச்சு."

நெற்றியில் விபூதிக் கீற்றோடு வகுப்புக்கு வருகிறவர்தான் தமிழ்வாணி. அவர் கற்பிக்கும் பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார். நாகமலை வெயிலில் சாம்பல் நிறமாகக் கிடந்தது.

"கோயம்புத்தூர்க்காரங்க திங்கக்கிழமைக்குள்ள பதில் கேட்டிருக்காங்க, முனீஸ்வரி. கிரைண்டர் கம்பெனியில ஒரு வருஷப் பயிற்சி எல்லாருக்கும் கிடைக்காது. ஆனா உன் பேருல கடை வந்துட்டா அங்க சேர முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்."

"தெரியும் மேடம்."

"வீட்டுல இது தெரியுமா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். கோயம்புத்தூர் என்ற சொல்லை அந்த வீட்டில் அவள் இன்னும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தானே ஒரு நாள் ஒரு பட்டறை தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு பெரிய பட்டறை எப்படி இயங்குகிறது என்று உள்ளிருந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சொன்னால் ஓடிப்போக நினைக்கிறாள் என்பார்கள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார் பேராசிரியை.

"டப்பாவை மறந்துட்டேன்."

தமிழ்வாணி தன் டப்பாவைத் திறந்து, தயிர்சாதத்தில் பாதியை மூடியில் வைத்து நீட்டினார். மாவடு ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் அவள் பக்கமே தள்ளினார்.

*

தொழில் அலுவலகத்தின் நடையில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. அழகுராஜா வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். அவள் பெயரைக் கூப்பிட்டதும் அவள் தோளைத் தட்டி, "தெம்பா போ" என்றான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி.

"எம்.பி.ஏ. படிக்கிற பொண்ணு. நல்லது. காலையில கடைய யாரும்மா திறப்பா?"

"நான்தான் மேடம்."

சொல்லிவிட்டாள். மடியில் கைப்பை இருந்தது, அதற்குள் அந்தப் பொட்டலம். அம்மா சாமியிடம் சொன்ன பொய்யின் மேல் தன் பொய்யையும் கொண்டுபோய் வைத்ததுபோல் இருந்தது.

"வில்லாபுரத்த ஏன் எடுத்தீங்க? அங்க பாத்திரக் கடைக்குத் தேவை இருக்கா?"

அப்படி ஒரு கேள்வி வரும் என்று அண்ணன் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கிய அவள் கால்களுக்குப் பதில் தெரியும். இல்லாத தேவையை இருக்கிறது என்று சொல்ல அவள் வாய் திறக்கவில்லை.

"இல்ல மேடம். அங்க மண்டபத்துலயே எல்லாம் கொடுத்துடறாங்க."

"அப்புறம் ஏம்மா?"

"எங்க அண்ணனுக்கு அந்தப் பக்கந்தான் கடை வேணும்."

ஓரத்தில் இருந்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதே கதைதான் மேடம். பேரு பொம்பள பேரு, கல்லாவுல உக்கார்றது ஆம்பள. வேணாம்னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்."

அதிகாரி கையை லேசாக உயர்த்தி அவரை நிறுத்தினார். தன் பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரை முனீஸ்வரியின் முன்னால் நகர்த்தினார்.

"குடிம்மா."

அவள் குடித்தாள்.

"வேணாம்னு எழுதிட்டா மறுபடி வர்றது கஷ்டம். அதனால இன்னைக்கு எதுவும் எழுதல. அடுத்த புதன்கிழமை வா. இது யாரு கடைன்னு வீட்டுல பேசிட்டு வா. உன் கடைன்னா உன் கடையா வா. அண்ணன் கடைன்னா அவர அவர் பேருலயே கேக்கச் சொல்லு. ஆம்பளைங்களுக்கும் திட்டம் இருக்கு. சலுகை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்."

*

"தள்ளி வச்சிருக்காங்க" என்றாள் வெளியே வந்து.

"ஏன்?"

"யாரு கடைன்னு கேட்டாங்கண்ணே."

"நீ என்ன சொன்ன?"

"வில்லாபுரத்துல பாத்திரக் கடை நிக்காதுன்னு சொல்லிட்டேன்."

அழகுராஜா பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை.

"அப்ப எனக்கு எங்கதான் நிக்கும் முனீஸு?" என்றான். "அப்பா கடையில அவர் நிக்கிற இடத்துல நான் நிக்க முடியல. அங்க போனா நிக்காதுன்னு நீ சொல்ற."

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. மீனா.

"ம்... தள்ளிப் போயிருக்கு. அடுத்த புதன்... இல்ல மீனா, அவ மேல தப்பில்ல. நல்லாத்தான் பேசுனா. இவங்கதான் இழுத்தடிக்கிறாங்க. நீ மாத்திரையப் போட்டுட்டுப் படு."

போனை வைத்துவிட்டு, தங்கையைப் பார்க்காமல், "ஏறு" என்றான்.

நேர்காணல் முடிந்ததும் பருத்திப்பால் வாங்கித் தருவதாக நேற்றே சொல்லியிருந்தான். வழியில் தள்ளுவண்டி வந்ததும் பைக்கை நிறுத்தினான். ஒரு டம்ளர் மட்டும் வாங்கி அவளிடம் கொடுத்தான்.

"நீ?"

"எனக்கு வேணாம். நீ குடி. மத்தியானம் சாப்பிடலேல்ல, அம்மா போன் பண்ணுச்சு."

சுக்கும் கருப்பட்டியும் மணத்தன. அவன் திட்டியிருந்தால் குடித்திருப்பாள். இப்படிக் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பவன் முன்னால் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை.

*

வீட்டில் கேசரி வாசம் வந்துகொண்டிருந்தது. நல்ல சேதி வரும் என்று அம்மா கிண்டி வைத்திருந்தாள்.

முத்திருளன் கடையிலிருந்து சீக்கிரமே வந்து, குளித்து, விபூதி பூசி உட்கார்ந்திருந்தார். மகன் விஷயத்தைச் சொன்னான். கடை நிற்காது என்று தங்கை சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"தள்ளிப் போச்சா? சாமி உத்தரவு கொடுத்த காரியம் எப்படித் தள்ளிப் போகும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார் அவர். அவர் அதிகாரிகளைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தில் இருந்தது பயம்.

முனீஸ்வரி அடுப்படிக்குப் போனாள். அம்மா திரும்பிப் பார்க்காமல் கேசரிச் சட்டியைத் துணியால் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். மேடையில் காலையில் விட்டுப்போன டப்பா அதே இடத்தில் இருந்தது. பக்கத்தில் ஒயர்கூடை, சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

முனீஸ்வரி கைப்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அழகம்மாள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"கூடை இடம் மாறியிருந்தப்பவே நெனச்சேன்" என்றாள் மெதுவாக. "அப்பாட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அண்ணன்கிட்ட?"

"இல்லம்மா. அத ஏம்மா வீட்டுக்குக் கொண்டாந்த?"

"அங்க போட்டா யாராச்சும் மிதிச்சு, கட்டு அவுந்து, பாத்திருவாங்கன்னு பயம். இங்க கொண்டாந்தா குப்பையில போட மனசு வரல. சாமி காலடியில இருந்த பூவாச்சே." அழகம்மாளின் கண் நிறைந்தது. "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு அங்க கிடக்கா. இவன் தினம் சோத்த உருட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். எனக்கு வேற ஒண்ணும் தோணலடி. சாமி கோவிச்சா என்னைய எடுத்துக்கிடட்டும், எம்புள்ளைக நல்லா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டுத்தான் கட்டுனேன்."

"நானும் உன் புள்ளதானம்மா."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அழகம்மாள் அடி வாங்கியவள்போல் மகளைப் பார்த்தாள்.

அப்போதுதான் முனீஸ்வரி கோயம்புத்தூரைப் பற்றிச் சொன்னாள். கிரைண்டர் கம்பெனி, ஒரு வருஷம், திங்கட்கிழமைக்குள் பதில். நாலே வாக்கியம். எத்தனையோ நாளாகச் சுமந்தது, சொல்லும்போது இவ்வளவு சின்னதாக இருந்தது.

"இத ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப?"

"என்ன அங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" முத்திருளன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவர் பார்வை மனைவியின் மூடிய கைக்குப் போயிற்று. "கையில என்ன?"

அழகம்மாள் வாயைத் திறந்தாள். சொல்லத்தான் போகிறாள் என்று முனீஸ்வரிக்குத் தோன்றியது. சொன்னால் தன் கழுத்துச் சுருக்கு இந்த நிமிஷமே அவிழ்ந்துவிடும். ஆனால் அப்பா அம்மாவின் முகத்தில் இனி விழிக்கமாட்டார்.

"சாமிப் பூப்பா" என்றாள் முனீஸ்வரி. "அன்னைக்குக் கொண்டாந்தது. வாடிப்போச்சு. கால் படாத இடத்துல போடணும்னு அம்மா எடுத்து வச்சிருக்கு."

பொய் சொல்லாமலே அம்மாவை மறைத்துவிட்டாள். அதே மூச்சில் தன் கதவையும் தானே சாத்திக்கொண்டாள்.

முத்திருளன் அந்தக் கையைப் பார்த்து ஒரு முறை கும்பிட்டுவிட்டு, யோசனையோடு சொன்னார்:

"எனக்கு மனசு சரியில்ல அழகம்மா. நம்ம கேட்டதுல ஏதோ குறை இருக்கு. இல்லேன்னா இப்படித் தட்டாது. நாளை கழிச்சு வெள்ளிக்கிழமை. மறுபடி போய்க் கேப்போம். இந்தத் தடவை எது வருதோ அதுதான். வெள்ளைன்னா கடை, சிவப்புன்னா இந்தப் பேச்சே வீட்டுல எடுக்கக் கூடாது. ராஜாவும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்." மகளைப் பார்த்தார். "பேரு எம்மகளோட பேரு. அதனால பொட்டலத்த இந்தத் தடவை ஆத்தாவே கட்டட்டும்."

சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனார்.

அடுப்படியில் கேசரி ஆறிக்கொண்டிருந்தது. கூடத்தில் அண்ணன் பைக் சாவியை மேசையில் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

அழகம்மாள் மகளின் பக்கத்தில் நெருங்கி வந்தாள். குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை வெள்ளன நான் பூக்கடைக்குப் போறேன். அரளி மட்டும் வாங்கிட்டு வாரேன்டி. ரெண்டுலயும் அதையே வச்சுக் கட்டிரு. நீ கோயம்புத்தூர் போ. இவனுக்கு நான் வேற ஏதாச்சும் பாக்குறேன். உனக்குச் செஞ்சதுக்கு அம்மா இதையாவது செய்யுறேன்."

முனீஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. போன வாரம் மகனுக்காகச் செய்ததை இந்த வாரம் மகளுக்காகச் செய்ய வந்து நிற்கிறாள். அந்த அன்புக்கு இதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஒரே ஒரு தலையசைப்பு போதும். திங்கட்கிழமை பதில் எழுதிவிடலாம்.

முனீஸ்வரி அம்மாவின் மூடிய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை குளிர்ந்திருந்தது. அவளுடையது அதைவிடக் குளிர்ந்திருந்தது.

"ரெண்டும் வாங்கிட்டு வாம்மா" என்றாள்.